இடிந்து விழும் நகரங்களை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்? ‘அகிரா’, ‘கோஸ்ட் இன் த ஷெல்’ முதலிய படங்களை முன்வைத்து

சாளரம் (இழையைத் தொடங்கியவர்)

நகரம் அழிகிறது, அரசு ஒடுக்குகிறது, மனித உடல் இயந்திரமாகவோ இன்னதென்று சொல்ல முடியாத வேறொன்றாகவோ மாறுகிறது. இவ்வளவு இருளைச் சுமந்து வரும் ஜப்பானிய அனிமே அதிரடிப் படங்களை உலகெங்கும் மக்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தேடிப் பார்த்து வருகிறார்கள். சண்டைக் காட்சிகள் பிரமாதமாக இருப்பதுதான் காரணம் என்ற விடை எனக்குப் போதவில்லை. பிரமாதமான சண்டைகளைக் கொண்ட எத்தனையோ படங்கள் வந்த சுவடு தெரியாமல் போயிருக்கின்றன.

என் கருத்தை முதலில் வைத்துவிடுகிறேன். இந்தப் படங்களில் நடக்கும் ஒவ்வொரு பெரிய செயலுக்கும் ஓர் உடலோ ஒரு தெருவோ விலை கொடுக்கிறது. அந்த விலையைப் படம் நம் கண்ணிலிருந்து மறைப்பதில்லை. மமோரு ஒஷீ இயக்கி 1995இல் வெளிவந்த ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்தின் கவச வண்டிச் சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கூரை சிதைந்து மழைநீர் தேங்கிய ஓர் அருங்காட்சியகக் கூடம். எட்டுக்கால் பூச்சி போன்ற வண்டி சுடச்சுட, தோட்டாக்கள் சுவரில் செதுக்கப்பட்ட உயிர்களின் பரிணாம மரத்தைக் கீழிருந்து மேலாகத் துளைத்துக்கொண்டே போய், உச்சியில் இருக்கும் மனிதனின் பெயருக்குச் சற்றுக் கீழே நின்றுவிடுகின்றன. குண்டுகள் தீர்ந்த வண்டியின் மேல் ஏறி இயந்திர உடல் கொண்ட நாயகி மொட்டோக்கோ குசனாகி அதன் மூடியைப் பிடுங்க முயல்கிறாள். முதுகுத் தசைகள் புடைக்கின்றன, தோல் கிழிகிறது, கைகள் பிய்ந்து போகின்றன. மூடி திறக்கவே இல்லை. வழக்கமான அதிரடிப் படமாக இருந்தால் நாயகி அந்த மூடியைத் திறந்திருப்பாள், அரங்கம் கைதட்டியிருக்கும். இங்கே அவளுடைய வலிமையின் எல்லையைப் பார்க்கிறோம், அதனால்தான் அந்தக் காட்சி மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

கட்சுஹிரோ ஓட்டோமோவின் ‘அகிரா’விலும் இதுவே நடக்கிறது. டெட்சுவோ என்ற இளைஞனுக்கு வாய்த்த அமானுஷ்ய ஆற்றல் கூடக்கூட அவனுடைய உடல் அவன் வசம் இருப்பதில்லை. விண்ணிலிருந்து பாயும் ஆயுதத்துக்கு ஒரு கையைப் பறிகொடுத்து, உலோகத் துண்டுகளைச் சேர்த்துப் புதிய கையைச் செய்துகொள்கிறான். கடைசியில் அவனுடைய தசையே கட்டுக்கடங்காமல் பெருகி, அவன் மேல் அன்பு வைத்திருந்த கயோரியை உள்ளுக்குள் இழுத்து நசுக்குகிறது. கேட்ட வரமே சாபமாகும் கதைகள் நமக்குப் புதியவை அல்ல என்றாலும், அந்தச் சாபத்தை இவ்வளவு பருண்மையாக, தசையும் நரம்புமாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

கதை முடிவுகளை இங்கே தாராளமாகப் பேசலாம். மாற்றுக் கருத்துள்ளவர்களையும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

பழம்பதிப்பு

சாளரம் சொல்வது சரியான திசைதான். ஆனால், அந்த விலை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவோர் உடனே ஹிரோஷிமாவுக்கும் நாகசாகிக்கும் போய்விடுகிறார்கள். அது தவறில்லை, ‘அகிரா’வின் தொடக்கத்தில் டோக்கியோவை விழுங்கும் வெண்ணிற ஒளிக்கோளத்தைப் பார்க்கும் எவருக்கும் 1945 நினைவுக்கு வரும். அதே ஆண்டு மார்ச் 10ஆம் நாள் நள்ளிரவில் டோக்கியோவின் மீது நடந்த தீக்குண்டு வீச்சில் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் அணுகுண்டு என்ற ஒற்றைச் சாவியால் எல்லாப் பூட்டுகளையும் திறந்துவிட முடியாது.

ஓட்டோமோ 1954இல் மியாகி மாநிலத்தில் பிறந்தவர், போரை நேரில் கண்டவர் அல்லர். அவருடைய தலைமுறை கண்டது மறுகட்டுமானத்தை. 1964 ஒலிம்பிக் போட்டிக்காக டோக்கியோ தலைகீழாகப் புரட்டிப் போடப்பட்டது. நிஹோன்பாஷி என்ற புகழ்பெற்ற பழைய பாலத்தின் தலைக்கு மேலேயே விரைவுச் சாலையைக் கட்டினார்கள். இன்னொரு பக்கம் 1960இல் அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்துப் பெரும் போராட்டங்கள் வெடித்தன. 1969 ஜனவரியில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதா அரங்கைக் கைப்பற்றி வைத்திருந்த மாணவர்களைக் காவல் துறை முற்றுகையிட்டு வெளியேற்றியது. அதற்குப் பின் வந்த இளைஞர்களில் ஒரு பகுதியினர் அரசியலைக் கைவிட்டு, மோட்டார் சைக்கிள் கும்பல்களாகச் சாலைகளில் திரிந்தார்கள்.

இவற்றையெல்லாம் ‘அகிரா’வில் வரிசையாகப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டின் நியோ டோக்கியோவில் வரிச் சீர்திருத்தத்தை எதிர்த்து மக்கள் தெருவில் நிற்கிறார்கள், அடுத்த ஆண்டு ஒலிம்பிக் நடக்கவிருக்கிறது, அதற்கான அரங்கம் கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது, அந்த அரங்கத்தின் அடியில்தான் நகரை முன்பு அழித்த சக்தியின் எச்சங்கள் குளிரூட்டிப் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. எதன் மேல் எதைக் கட்டுகிறோம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்சியாக்க முடியுமா என்று தெரியவில்லை. மோட்டார் சைக்கிள் கும்பலின் தலைவன் கனேடாவும், டெட்சுவோ உள்ளிட்ட அவன் கூட்டாளிகளும் படிக்கும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் அவர்களை வரிசையாக நிற்க வைத்து முகத்தில் குத்துகிறார். ஒவ்வொருவனும் அடி வாங்கியபின் உரத்த குரலில் நன்றி சொல்கிறான். இருண்ட எதிர்காலம் என்று நாம் சொல்வதில் பாதி அவர்களுடைய நிகழ்காலம்.

இன்னொரு செய்தி. படத்தில் டோக்கியோ அழியும் நாளாகத் திரையில் காட்டப்படுவது 1988 ஜூலை 16. படம் ஜப்பானில் வெளியானதும் அதே நாளில்தான். முதல் நாள் அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் தங்கள் ஊர் அன்றைக்கே அழிவதைப் பார்த்தார்கள்.

கோட்டோவியம்

நான் இருபரிமாண அனிமேஷன் துறையில் பணியாற்றுபவன் என்பதால் கை வேலையின் பக்கத்திலிருந்து சில சொற்கள். சாளரம் சொல்லும் விலை கதையில் மட்டும் இல்லை, வரைந்த தாளிலும் இருக்கிறது.

ஜப்பானில் 1963இல் ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கிய காலத்திலிருந்து, குறைந்த செலவில் வாரந்தோறும் முடித்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடியில், ஒரே ஓவியத்தை மூன்று சட்டகங்களுக்கு நிறுத்தி வைப்பது வழக்கமாயிற்று. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடினாலும் நாம் காண்பவை எட்டே ஓவியங்கள். ‘அகிரா’ அந்தச் சிக்கனத்தைப் பல இடங்களில் கைவிட்டது. 124 நிமிடப் படத்துக்கு ஏறத்தாழ 1,60,000 ‘செல்’ ஓவியங்கள் (ஒளி ஊடுருவும் தாள்களில் தீட்டுபவை) தீட்டப்பட்டன. பயன்பட்ட 327 வண்ணங்களில் 50 இந்தப் படத்துக்கென்றே புதிதாகக் கலக்கப்பட்டவை. இரவுக் காட்சி என்றால் எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும் பழக்கத்தை விட்டு, சிவப்பும் பச்சையும் கலந்த நகர இரவை உருவாக்கினார்கள்.

தொடக்கத்தில் வரும் மோட்டார் சைக்கிள் துரத்தலில் பின்விளக்குகளின் சிவப்பு ஒளி கோடாக இழுபட்டுக் காற்றில் தங்குகிறதே, அத்தகைய ஒளி செல் காலத்தில் எப்படி வந்தது என்று இன்றைய இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஒளிர வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்து மற்றதைக் கறுப்பு மறைப்பால் மூடி, கீழிருந்து விளக்கை எரியவிட்டு, முன்பே பதிவான அதே பிலிம் சட்டகத்தின் மேல் இரண்டாம் முறை ஒளியைப் பதிவு செய்வார்கள். மறைப்பு இம்மி நகர்ந்தாலும் அந்தச் சட்டகம் வீண்.

அடுத்தது இடிபாடு. ஒரு சுவர் சிதறும்போது ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு எடை, எந்த அச்சில் சுழலும், எது முன்னால் விழும், எது தூசியில் மறையும் என்று ஓவியர் முடிவு செய்தாக வேண்டும். பெரிய துண்டு மெதுவாகக் கிளம்ப வேண்டும், சிறியது பறக்க வேண்டும். அதைத் தவறாக வரைந்தால் கான்கிரீட் அட்டைப்பெட்டியாகத் தெரியும். இந்தப் படங்களில் கான்கிரீட் கான்கிரீட்டாகவே உடைகிறது. ஒரு கட்டடத்தை இவ்வளவு பொறுமையாக வரைந்து, அதைவிடப் பொறுமையாக உடைத்திருக்கிறார்கள். பார்ப்பவருக்குத் தொழில்நுட்பம் தெரியாவிட்டாலும் அந்தப் பொறுமை கண் வழியாக உள்ளே போய்ச் சேர்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

வசனத்தையும் குறிப்பிட வேண்டும். ஜப்பானில் படம் வரைந்து முடித்தபின் குரல் கொடுப்பதே பெருவழக்கு. ‘அகிரா’வில் முதலில் குரலைப் பதிவு செய்து, அதற்கேற்ப வாயசைவை வரைந்தார்கள். ஆகவே அந்தப் படத்தை ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள்; மொழிமாற்று ஒலியில் பார்த்தால் அந்த உழைப்பில் ஒரு பகுதி காணாமல் போய்விடும்.

மறுபார்வை

எல்லோரும் பாராட்டும்போது ஒருவராவது தயங்க வேண்டும் என்பதால் எழுதுகிறேன். விலை என்ற வாதம் அழகாக இருக்கிறது. ஆனால், ‘அகிரா’விலிருந்து உலகம் அதிகமாக நகலெடுத்த படிமம் எது? கனேடா தன் சிவப்பு வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு நிறுத்தும் அந்தச் சில நொடிகள்தான். எத்தனையோ கார்ட்டூன்களும் திரைப்படங்களும் அதைத் திரும்பச் செய்துவிட்டன. அந்தச் சறுக்கலில் யாருக்கும் காயமில்லை, எந்தச் சுவரும் இடியவில்லை, யாரும் விலை கொடுக்கவில்லை. அது வெறும் களிப்பு. அப்படியானால் ஈர்ப்பின் வேர் விலையில் இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது தயக்கம் இன்னும் கனமானது. ஒரு நகரத்தின் சாவை இவ்வளவு அழகாக வரைந்தால், பார்ப்பவர் அந்தச் சாவையே ரசிக்கப் பழகிவிட மாட்டாரா? இன்று இணையத்தில் சுற்றும் துண்டுக் காணொளிகளைப் பாருங்கள். ஒளிக்கோளம் விரிகிறது, கட்டடங்கள் நொறுங்குகின்றன, பின்னணியில் துள்ளல் இசை. கோட்டோவியம் விவரிக்கும் அதே பொறுமையான உழைப்புதான் இதற்கும் தீனியாகிறது. மார்ச் 10இன் தீயைப் பற்றிப் பழம்பதிப்பு எழுதியதைப் படித்துவிட்டு அந்தக் காணொளிகளைப் பார்த்தால் எனக்கு மனம் கசக்கிறது.

மழைக்குறிப்பு

மறுபார்வையின் இரண்டாம் கேள்விக்கு நேர் விடை என்னிடம் இல்லை. ஆனால், உடலின் விலையைப் பேசும்போது யாருடைய உடல் என்று யாராவது கேட்டாக வேண்டும்.

கயோரியைப் பற்றி எனக்குத் தீராத குறை உண்டு. ‘அகிரா’ படத்தில் அவள் வருவதெல்லாம் தாக்கப்படுவதற்கும், டெட்சுவோவுக்காகக் காத்திருப்பதற்கும், அவன் தசைக்குள் சாவதற்கும்தான். அவளுடைய வலியை டெட்சுவோ தன் உடலிலேயே உணர்ந்து கதறும் அந்த நொடி படத்தின் உச்சங்களுள் ஒன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அது அவனுடைய துயரமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. இருண்ட கதை என்பதால் இதை மன்னித்துவிட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

குசனாகியின் நிலை வேறு. அவளுடைய வெற்றுடலைப் படம் காட்டும் விதத்தில் ஆண் பார்வை கலந்திருக்கிறது என்ற விமர்சனத்தில் உண்மை உண்டு. ஆயினும் அதே படம், அந்த உடல் அவளுக்குச் சொந்தமில்லை என்பதையும் நமக்குச் சொல்கிறது. வேலையை விட்டு விலகினால் இயந்திர உடலை அரசிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு நினைவுகளும் போய்விடும். ஒரு பணியாளரின் உடலும் நினைவும் முதலாளியின் சொத்தாக இருக்கும் நிலையை 1995இலேயே இவ்வளவு சாதாரணக் குரலில் சொல்லிவிட்டார்கள். என்னை அந்தப் படத்தோடு கட்டிப்போட்டது சண்டைகளைவிட இந்தச் சாதாரணக் குரல்தான்.

குப்பை வண்டி ஓட்டுபவனை நினைத்துப் பாருங்கள். பிரிந்துபோன மனைவி, பாசமுள்ள மகள் என்று அவன் நெஞ்சு நிறைய வைத்திருக்கும் நினைவுகள் யாரோ புகுத்திய பொய்கள். மகள் என்று நம்பி அவன் காட்டிய புகைப்படத்தில் அவனும் ஒரு நாயும் மட்டுமே இருக்கிறார்கள். அந்தப் பொய் நினைவை அழித்துவிட முடியுமா என்று அவன் கேட்கும்போது அதற்குத் தெளிவான வழி யாரிடமும் இல்லை. அவன் நாயகனும் இல்லை, வில்லனும் இல்லை. ஆனால், அடுத்து வரும் ஒவ்வொரு சண்டையிலும், தன் நினைவு தன்னுடையதுதானா என்ற அவனுடைய கேள்வி குசனாகியின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் அந்த மூன்று நிமிடங்கள். ஹாங்காங்கை மாதிரியாகக் கொண்டு வரையப்பட்ட நகரத்தில், வசனமே இல்லாமல், மழையும் கால்வாயும் விளம்பரப் பலகைகளும் கடை பொம்மைகளுமாகப் படம் நகர்கிறது. படகில் போகும் குசனாகி ஒரு கட்டடத்தின் கண்ணாடிக்குப் பின்னே தன் முகத்தையே கொண்ட இன்னொரு பெண்ணைப் பார்க்கிறாள். மொத்தம் 82 நிமிடங்களே ஓடும் அதிரடிப் படத்தில் இத்தனை நேரத்தை ஊர் சுற்றிப் பார்க்கக் கொடுத்திருப்பதைத் துணிச்சல் என்றுதான் சொல்வேன்.

பழம்பதிப்பு

ஒஷீ பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் ‘பேட்லேபர் 2’ படத்தையும் இங்கே கொண்டுவர விரும்புகிறேன். 1993இல் வந்தது. மாபெரும் ரோபோக்களின் தொடரிலிருந்து பிறந்த படம் என்றாலும் ரோபோச் சண்டை கடைசியில் சில நிமிடங்களே வரும். யோகோஹாமா விரிகுடாப் பாலத்தை ஓர் ஏவுகணை தகர்க்கிறது. யார் ஏவியது என்ற குழப்பத்தில் காவல் துறையும் தற்காப்புப் படையும் ஒன்றையொன்று சந்தேகிக்க, டோக்கியோவின் தெருமுனைகளில் ராணுவம் வந்து நிற்கிறது. பனி பெய்கிறது. மக்கள் வழக்கம்போல் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் சிப்பாய்களைப் பார்த்துக் கையசைக்கிறார்கள்.

ஜப்பான் 1992இல்தான் ஐ.நா. அமைதிப் பணிக்குப் படை அனுப்ப வழிசெய்யும் சட்டத்தை இயற்றி, கம்போடியாவுக்கு ஆட்களை அனுப்பியிருந்தது. படத்தின் எதிர்நாயகனான ட்சுகே, தென்கிழக்கு ஆசியாவில் ஐ.நா. பணியின்போது திருப்பிச் சுட அனுமதி கிடைக்காமல் தன் ஆட்களை இழந்தவர். வெளியூர்ப் போர்களின் லாபத்தில் வாழ்ந்துகொண்டு தனக்கு அமைதி இருப்பதாக நம்பும் ஒரு நகரத்துக்குப் போரின் சுவையைக் காட்டவே அவர் இதையெல்லாம் நடத்துகிறார். மாணவப் பருவத்தில் போராட்டங்களில் பங்கெடுத்த ஒஷீக்கு இந்தக் கேள்வி அந்நியமானது அல்ல.

அவர் திரைக்கதை எழுத, ஹிரோயுகி ஓகியுரா இயக்கிய ‘ஜின்-ரோ’ இதைவிடக் கடுமையானது. ஜப்பானில் 2000இல் திரைக்கு வந்தது. சாக்கடைச் சுரங்கத்தில், பையில் குண்டோடு நிற்கும் சிறுமியைச் சுடாமல் தயங்கும் ஒரு காவலனின் கதை அது. சிவந்த கண்கள் ஒளிரும் கவசத்தைப் பார்த்து மயங்கி வருபவர்களுக்கு அந்தக் கவசத்துக்குள் மனிதன் மிஞ்சுவானா என்ற கேள்வியைக் கொடுத்து, இறுதியில் இரக்கமற்ற விடையையும் கொடுக்கிறது.

ஐந்தாம் சுரம்

இசையை யாரும் தொடவில்லை என்பதால் சுருக்கமாக. ‘அகிரா’வுக்கு இசையமைத்த கேய்னோ யமாஷிரோகுமி, தொழில்முறைக் கலைஞர்களைக் கொண்டு அமைந்த குழு அன்று, பல்வேறு வேலைகளில் இருந்தவர்கள் கூடிப் பாடிய கூட்டம். பாலித் தீவின் மூங்கில் வாத்தியங்களும் ‘நோ’ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் குரலும் அவர்களிடம் ஒன்றாகக் கலந்தன. ‘கோஸ்ட் இன் த ஷெல்’ படத்துக்குக் கென்ஜி கவாய் பழைய ஜப்பானிய மொழியில் ஒரு திருமணப் பாட்டை அமைத்து, நாட்டுப்புறப் பாடகிகளைப் பல்கேரியக் கூட்டுக்குரலின் சாயலில் பாட வைத்தார். இரண்டு படங்களிலும் நாளைய நகரத்துக்கு மின்னணு இரைச்சலைத் தராமல் சடங்கின் குரலைத் தந்திருக்கிறார்கள். துள்ளல் இசை ஒட்டிய துண்டுக் காணொளி பற்றி மறுபார்வை வருந்தியதன் காரணம் இங்கேதான் இருக்கிறது. மூல இசையை எடுத்துவிட்டால் அழிவின் துக்கத்தையும் சேர்த்தே எடுத்துவிடுகிறோம்.

சாளரம்

மறுபார்வை எழுப்பிய சறுக்கல் கேள்வி என்னை நன்றாகவே யோசிக்க வைத்தது. அந்தச் சில நொடிகள் களிப்பு என்பதில் ஐயமில்லை, அதை நானும் களிப்பாகவே பார்க்கிறேன். ஆனால், அந்தச் சிவப்பு வண்டியின் கதையைப் படத்தின் போக்கில் தொடர்ந்து பாருங்கள். அது கனேடாவுடையது, டெட்சுவோவுக்கு அதன் மேல் தீராத ஆசை. மருத்துவமனையிலிருந்து தப்பியதும் கயோரியை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறான், அதைச் சரியாக ஓட்டத் தெரியாமல் நிற்கிறான், எதிரிக் கும்பலிடம் சிக்குகிறான், கயோரி தாக்கப்படுகிறாள், கனேடா வந்து காப்பாற்றுகிறான். சிறு வயதிலிருந்து எப்போதும் காப்பாற்றப்படுபவனாகவே இருந்ததன் அவமானம் அங்கே வெடிக்கிறது. நகரத்தை அழிக்கும் சினத்தின் விதை அந்த அழகான வண்டிக்குள்தான் இருக்கிறது. அந்தச் சறுக்கலைப் பார்த்து நமக்கும் ஆசை வராவிட்டால் டெட்சுவோவின் பொறாமையை வெளியே நின்றுதான் பார்த்திருப்போம். களிப்பும் விலையும் ஒரே கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன.

அழிவை ரசிக்கப் பழக்குகிறதா என்ற கேள்விக்கு, படத்தின் தொடக்கப் பகுதியில் வரும் தெருக் காட்சியை நினைவூட்ட விரும்புகிறேன். டகாஷி என்ற சிறுவனை அழைத்துக்கொண்டு ஓடும் போராளியைக் காவலர்கள் கூட்டத்தின் நடுவே சல்லடையாகச் சுடுகிறார்கள். தேவைக்கு அதிகமாக, அவன் விழுந்துவிட வேண்டிய நேரத்தைத் தாண்டியும் குண்டுகள் பாய்கின்றன. சிறுவன் அலறுகிறான், சுற்றியுள்ள கட்டடங்களின் கண்ணாடிகள் உடைந்து மழையாகக் கொட்டுகின்றன. கண்ணாடி விழுவது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், அது ஒரு குழந்தையின் அலறல் என்பதை மறக்க நமக்கு இடம் கொடுக்கப்படவில்லை. முழுப் படத்தைப் பார்ப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. துண்டுகளை மட்டும் பார்ப்பவருக்கு இல்லை என்பது உண்மை, அதற்கான மருந்தும் முழுப் படத்தைப் பார்க்கச் சொல்வதுதான்.

மழைக்குறிப்பின் கயோரி பற்றிய குறையை நான் மறுக்கப் போவதில்லை. அவளுக்கு ஒரு வாழ்வு எழுதப்பட்டிருந்தால் அந்தச் சாவின் கனம் கூடியிருக்கும். என் வாதத்தின்படியே பார்த்தாலும் அது படத்தின் இழப்பு.

மறுபார்வை

வண்டியைப் பற்றிய விளக்கத்தை ஏற்கிறேன். கண்ணாடிக் காட்சியைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் பாதி மனம்தான். நோக்கம் நல்லதாக இருந்தாலும் ஓர் ஓவியத்தின் அழகு அந்த நோக்கத்துக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. ‘ஜின்-ரோ’விடம் எனக்குள்ள மதிப்பு அதனால்தான் கூடுதல், அங்கே சுடப்படும் எந்த உடலும் அழகாக விழுவதில்லை.

தாழ்வாரம்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இவற்றில் எதையும் பார்த்திராதவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று மூத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எனக்கு வன்முறைக் காட்சிகள் அவ்வளவாக ஒத்துவராது.

மழைக்குறிப்பு

அப்படியானால் ‘பேட்லேபர் 2’ இலிருந்து தொடங்குங்கள். ரத்தம் மிகக் குறைவு, பேச்சு அதிகம், பொறுமை வேண்டும். முன்கதை தெரியாவிட்டாலும், ரோபோக்களை இயக்கும் காவல் துறைச் சிறப்பு வாகனப் பிரிவின் பழைய ஆட்கள் மறுபடி ஒன்று சேர்கிறார்கள் என்பது மட்டும் தெரிந்தால் போதும். அது பிடித்திருந்தால் ‘கோஸ்ட் இன் த ஷெல்’ பாருங்கள். கவச வண்டிச் சண்டையின் முடிவில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டியிருக்கலாம். ‘அகிரா’வைப் பெரிய திரை கிடைக்கும் நாளுக்கு ஒத்திவையுங்கள், கயோரி வரும் காட்சிகளுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொண்டு போங்கள். பார்த்து முடித்ததும் இந்த இழைக்கே திரும்பி வந்து, சாளரத்தின் வாதமும் மறுபார்வையின் தயக்கமும் உங்களுக்கு எப்படிப் படுகின்றன என்று எழுதுங்கள்.